சுவருக்குள் நிற்கும் ரயில்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனை பண்ணி எழுத எனக்குக் கை வராது. நாற்பது வயது தாண்டித்தான் எழுத்துக் கூட்டவே கற்றுக்கொண்டேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன், அவ்வளவுதான். நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் உங்களுக்கு நல்லது... சுவர்ப் பக்கம் தலை வைத்து நிம்மதியாகத் தூங்கலாம்.

பேய் என்றதும் நடுராத்திரியையும் நாய் ஊளையையும் எதிர்பார்க்காதீர்கள். ராத்திரியில் எனக்குப் பயமே கிடையாது. ராத்திரி முழுக்க நான் பார்சல் கொட்டகையில் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பேன். தலைக்கு மேல் வரிசையாக விளக்கு. சுற்றிலும் ஐம்பது பேர். லாரி வந்தால் பயப்படக்கூட நேரம் இருக்காது.

எனக்குப் பகல்தான் ராத்திரி. காலையில் அறைக்கு வந்து, ஜன்னலில் கம்பளியை மாட்டி, இருட்டாக்கிக்கொண்டு படுப்பேன். வெளியே ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே நான் மட்டும்.

அப்படி ஒரு மத்தியானம்தான் அது நடந்தது.

முதலில் ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிஜ ரயில் இல்லை. பிளாஸ்டிக் கட்டையில் செய்த ரயில். பிள்ளைகள் வைத்து விளையாடுமே, மேலே குமிழ் குமிழாக இருக்கும், ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தினால் ‘டிக்’கென்று கவ்விக்கொள்ளும், அந்தக் கட்டைதான். கொட்டகையில் ஒருநாள் ஒரு பெட்டி கிழிந்து, கட்டையெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. அனுப்பியவரும் கேட்கவில்லை, வாங்க வேண்டியவரும் வரவில்லை. பல மாதம் மூலையில் கிடந்தது. கடைசியில் மேஸ்திரி, “யோவ், போறப்பல்லாம் கால்ல குத்துது. நீயே எடுத்துட்டுப் போய்த் தொலை” என்றார்.

பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருந்தது. அதில் எழுத்தே இல்லை, எல்லாம் படம். இந்தக் கட்டையை எடு, இங்கே வை, அடுத்த பக்கம் போ. யாரையும் கேட்காமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நான் முடித்த முதல் புத்தகம் அதுதான். முடித்தபோது தரையில் ஒரு ரயில் நின்றது. மோட்டார் வைத்த எஞ்சின், பேட்டரிப் பெட்டி, இரண்டு சரக்குப் பெட்டி. சுவிட்சை முன்னால் தள்ளினால் முன்னால் போகும், பின்னால் தள்ளினால் பின்னால் வரும், நடுவில் வைத்தால் நிற்கும்.

அன்றைக்கு நான் தூங்கவே இல்லை.

பிறகு அது பைத்தியமாகிவிட்டது. பழைய சாமான் கடையில் கட்டையைக் கண்டால் அள்ளிக்கொண்டு வருவேன். மாதம் ஒருமுறை போன் பண்ணுகிற என் அக்கா, எனக்கு இருக்கிற ஒரே சொந்தம், கேட்டுவிட்டுச் சிரித்தாள். “இந்த வயசுல பொம்மை ரயிலாடா? உனக்குப் பேரன் இருந்தா அவனுக்கே வெக்கமா இருக்கும்.”

பேரன் இல்லை என்பதால்தான் ரயில். அதை அவளிடம் சொல்லவில்லை.

நான் இருந்தது ஒரு பழைய கட்டடம். பெரிய வீட்டைத் துண்டு போட்டு, அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். என் அறைச் சுவரில், தரையை ஒட்டி ஒரு ஓட்டை. முன்பு ஏதோ பெரிய குழாய் போயிருக்கும். குழாயைக் கழற்றியவர்கள் ஓட்டையை அடைக்காமல் போய்விட்டார்கள். நான் ஒரு பழைய துணியைத் திணித்து வைத்திருந்தேன்.

ஒரு சாயங்காலம் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தேன். துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

“தம்பி... அது ஆறு சக்கர எஞ்சினா, எட்டுச் சக்கரமா?”

தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் தெரிந்தது, பக்கத்து அறைக்காரர் தரையில் குப்புறப் படுத்துப் பேசுகிறார் என்று. லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். அறுபதை நெருங்கியவர். எல்லாரும் லிஃப்ட்காரர் என்பார்கள். நான் அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவரும் கட்டை ரயில் பைத்தியம்தான். இறந்துபோன மனைவி பழக்கிவிட்டுப் போன பழக்கமாம்.

“ஏன் தம்பி துணியத் திணிச்சு வச்சிருக்க? எடு. லைன் போட்டுடலாம்.”

அப்படித்தான் போட்டோம். துணியை எடுத்துப் பார்த்தால் அந்தப் பக்க வெளிச்சம் தெரிந்தது. நடுவில் இருட்டு. கையைத் தோள்வரை விட்டாலும் அடுத்த முனை எட்டவில்லை. “பழைய காலத்துச் சுவர். யானை மாதிரி கட்டியிருப்பானுங்க” என்றார் அண்ணன். நீளமான ரீப்பர் மரச்சட்டம் ஒன்றை உள்ளே தள்ளி, அதன் மேல் தண்டவாளத்தைக் கோத்தோம். என் அறையில் ஒரு முனை, அவர் அறையில் ஒரு முனை.

அவருக்குப் பகல் வேலை. எனக்கு ராத்திரி வேலை. அவர் திரும்பி வருவதற்கும் நான் கிளம்புவதற்கும் நடுவில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம். அதனால் ரயில்தான் எங்களுக்குப் பேச்சு. எனக்கு மிச்சமான கட்டையைப் பெட்டியில் வைத்து அனுப்புவேன். அவர் எடுத்துக்கொண்டு, சுவிட்சைத் திருப்பி, எனக்கு வேண்டியதை வைத்து அனுப்புவார். சில நாள் இருமல் மிட்டாய் வரும். ஒருநாள் சட்டைப் பித்தான் வந்தது, என் சட்டையில் பித்தான் இல்லாததைப் பார்த்திருக்கிறார்.

“நான் ஆளுங்கள மேலயும் கீழயும் அனுப்புறேன். நீ சாமான அங்கயும் இங்கயும் அனுப்புற. நாம ரெண்டு பேரும் எங்கயாச்சும் போனோமா பாரு” என்பார். சுவர் வழியாகச் சிரிப்புக் கேட்கும்.

ஆறு வருஷம் அந்த அறையில் இருந்தேன். முதல் நாலு வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சிரித்துப் பேசவில்லை. அண்ணன் வந்த பிறகுதான் அறைக்குத் திரும்புவதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை நான் இழந்துவிடக்கூடாது என்று மட்டும் தெரியும்.

சின்னச் சின்னதாகத்தான் தொடங்கியது.

ரயில் சுவருக்குள் போனால் நடுவில் நிற்கும். கடகட... கடகட... பிறகு சத்தம் இருக்காது. ஒரு மூச்சு விடுகிற நேரம். மறுபடி கடகட. “தண்டவாள மூட்டு தூக்கியிருக்கும்” என்றார் அண்ணன். “பேட்டரி தளர்ந்திருக்கும்” என்றேன் நான். தூக்கிய மூட்டில் ரயில் குதிக்கும், நிற்காது. தளர்ந்த பேட்டரி நின்றால் மறுபடி கிளம்பாது. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். இருந்தும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு கட்டை குறைய ஆரம்பித்தது.

ஒரு சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்புகிறேன், அவர் உள்ளே வருகிறார். நடையில் நிறுத்தினார்.

“தம்பி, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?”

“கேளுங்கண்ணே.”

“நேத்து வெள்ளைப் பலகைக் கட்டை பத்து வச்சேன்னு சொன்ன. எனக்கு ஆறுதான் வந்துச்சு.”

“பத்துதாண்ணே வச்சேன். அது இருக்கட்டும், நீங்க அனுப்புன கூரைக் கட்டையும் குறைச்சலாத்தான் வந்துச்சு. நான்தான் சொல்லல.”

“அப்போ நடுவுல இறங்கி டீ குடிக்கப் போயிடுச்சா?”

சிரித்தோம். ஆனால் அவர் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

சக்கரம் தொலையவில்லை. தண்டவாளத் துண்டு தொலையவில்லை. வெள்ளைப் பலகை, சாம்பல் நிறத் தூண், கூரைச் சரிவு, இது மட்டும்தான் தொலைந்தது. யாரோ பார்த்துப் பார்த்துப் பொறுக்கின மாதிரி. என் தொப்பிக்காரக் கூலிப் பொம்மை ஒன்றும் போய்விட்டது. ஓட்டையில் விழுந்திருக்கும் என்று குச்சி விட்டுத் துழாவினேன். குச்சியில் எதுவும் தட்டுப்படவில்லை.

அப்புறம் அந்தப் பொம்மை.

அண்ணனிடம் ஒரு பெண் பொம்மை இருந்தது. கையில் பழுப்புப் பெட்டி. அவர் மனைவி கடைசியாக வாங்கியது. அதைச் சில நாள் ரயிலில் உட்கார வைத்து அனுப்புவார். “உங்க அண்ணி வராங்க, மரியாதையா நில்லு” என்று அங்கிருந்து குரல் கொடுப்பார். நான் எழுந்து நிற்பேன். சத்தியமாக நிற்பேன். பிறகு திருப்பி அனுப்புவேன்.

ஒருநாள் “அண்ணி வராங்க” என்றார். ரயில் வந்தது. பெட்டி காலி.

“வரலண்ணே.”

“என்ன வரல?”

“அண்ணி... வரல.”

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் எழுந்திருக்கும் சத்தம். பிறகு கதவு திறந்தது. என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“கட்டை போனா போகட்டும்னு விட்டேன் தம்பி. அது வேணாம். அதை மட்டும் குடுத்துடு.”

“அண்ணே, என் கண்ணாணை... பெட்டி காலியாத்தான் வந்துச்சு.”

“நான் உக்கார வச்சேன். என் கையால. அங்கேருந்து இங்க ஒரே ஓட்டை. நடுவுல யாரு இருக்கா?”

காலிப் பெட்டியை எடுத்து நீட்டினேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“சரி” என்றார். போய்விட்டார்.

அதன்பிறகு ரயில் வரவில்லை. நடையில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார். நான் என்ன செய்வேன்? எடுக்காத பொருளை எங்கிருந்து கொடுப்பேன்? கொட்டகையில் மூட்டை தூக்கும்போதும் அதே நினைப்பு. காலையில் அறைக்கு வருவேன், சுவர் சும்மா இருக்கும். ஓட்டையைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டு இருபது. அண்ணன் வேலைக்குப் போயிருப்பார். ஒரு முடிவு பண்ணினேன். என்னிடம் இருந்த வெள்ளைக் கட்டை அத்தனையையும் பெட்டியில் ஏற்றினேன். எஞ்சினில் என் டிரைவர் பொம்மையை உட்கார வைத்தேன். ரயிலையே கொடுத்துவிடுவது. சாயங்காலம் வந்து பார்க்கட்டும். எடுப்பவன் கொடுப்பானா என்று யோசிக்கட்டும்.

சுவிட்சை முன்னால் தள்ளினேன்.

கடகட... கடகட...

உள்ளே போனது. வழக்கமாக அந்த முனையில் ஒரு ‘டொக்’ கேட்கும், தடுப்பில் முட்டுகிற சத்தம். காத்திருந்தேன்.

வரவில்லை.

நடுவில் நின்றுவிட்டது. மோட்டார் முனகல்கூட இல்லை. சரி, மாட்டிக்கொண்டது, பிறகு குச்சி விட்டுத் தள்ளலாம் என்று படுத்தேன். ஜன்னல் கம்பளி ஓரத்தில் மட்டும் கோடு மாதிரி வெயில். தெருவில் ஒரு வண்டி போனது. எங்கேயோ குழாயில் தண்ணீர் சொட்டியது.

கண் சொருகும் நேரம்.

கடகட... கடகட...

ரயில் திரும்பி வந்தது.

மணி பன்னிரண்டு முப்பத்தொன்று.

சொன்னேனே, சுவிட்சை யாராவது பின்னால் தள்ளினால்தான் அது திரும்பி வரும். பெட்டி காலி. ஒரு கட்டைகூட இல்லை. எனக்கு முதலில் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அண்ணன் வீட்டில் இருக்கிறார்! எடுத்துக்கொண்டார்! கோபம் தீர்ந்துவிட்டது!

“அண்ணே! இன்னிக்கு லீவா?”

பதில் இல்லை.

“அண்ணே... பேசுங்கண்ணே. கட்டையெல்லாம் கிடைச்சுதா?”

பதில் இல்லை.

அப்போதுதான் டிரைவரைப் பார்த்தேன். உடம்பு முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தது. தலை மட்டும் பின்னால் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்து.

எழுந்து வெளியே போனேன். அவர் கதவில் பூட்டு தொங்கியது. வெளியிலிருந்து பூட்டிய பூட்டு. இழுத்துப் பார்த்தேன். தட்டினேன். என் தட்டல் உள்ளே காலி அறையில் விழுந்த மாதிரி கேட்டது.

அறைக்குத் திரும்பி வந்து போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்து, எடுத்தார். பின்னால் பெரிய இயந்திரச் சத்தம்.

“என்ன?” என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

“வேலைல. ஒம்பதாவது மாடி. ஏன்?”

“உங்க ரூம்ல யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. பூட்டிட்டுத்தான் வந்தேன்.”

“ரயில் அனுப்புனேண்ணே. சமாதானத்துக்கு. யாரோ எடுத்துட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க.”

அவர் நடந்து வேறு பக்கம் போனார் போல, சத்தம் குறைந்தது.

“தம்பி” என்றார். இப்போது தம்பி. “விளையாடாத.”

“விளையாடலண்ணே.”

“என் பக்கத்து ஓட்டைல போன ஞாயித்துக்கிழமையே பலகை வச்சு ஆணி அடிச்சுட்டேன். கோவத்துல. உன் ரயில் என் ரூமுக்கு வரவே முடியாது.”

நான் ஓட்டையைத் திரும்பிப் பார்த்தேன்.

“தம்பி... கேக்குதா?”

கேட்டது. அவர் குரல் இல்லை. வேறு ஒன்று.

கடகட...

“அண்ணே... ரயில் போகுது.”

“நிறுத்து.”

“நான் போடவே இல்லண்ணே.”

“சுவிட்சை நிறுத்து!”

பாய்ந்து சுவிட்சை நடுவில் வைத்தேன். அப்போதும் போனது. பேட்டரிப் பெட்டி மூடியைப் பிடுங்கினேன். பேட்டரிகளைக் கொட்டினேன். என் உள்ளங்கையில் பேட்டரி.

தரையில் ரயில்.

ரயில் போய்க்கொண்டிருந்தது.

மெதுவாக... அவசரமே இல்லாமல்... எஞ்சின் உள்ளே போனது. பேட்டரிப் பெட்டி போனது. முதல் பெட்டி போனது.

கடைசிப் பெட்டியைப் பிடித்தேன்.

நின்றது.

அந்தப் பக்கத்திலிருந்து யாரோ வெடுக்கென்று இழுப்பார்கள் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். கைக்குழந்தை விரலைப் பிடித்துக்கொள்ளுமே... அந்த மாதிரி. விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

நான் விட்டால் போதும் என்று காத்திருந்த மாதிரி.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் தெரியாது. பெட்டிகளைக் கோக்கிற காந்தக் கொக்கி ‘டக்’கென்று விட்டது. கையில் கடைசிப் பெட்டி மட்டும் மிஞ்சியது.

உள்ளே அமைதி.

பிறகு...

டிக்.

டிக்... டிக்...

உங்களுக்கு அந்தச் சத்தம் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

கட்டையோடு கட்டை கோக்கிற சத்தம்.

டிக்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

தெருமுனை டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளி விட்டுப் பிள்ளைகள் போனார்கள். கடைக்காரர் காலைப் பார்த்துவிட்டு, “என்னய்யா, வீட்ல துரத்திட்டாங்களா?” என்றார். நான் தனி ஆள் என்று அவருக்குத் தெரியாது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அண்ணன் பாதி வேலையில் வந்துவிட்டார். என் காலைப் பார்த்தார். கையில் இன்னும் இறுக்கிப் பிடித்திருந்த பெட்டியைப் பார்த்தார். தோளில் கை வைத்து, “வா, நானும் வரேன்” என்றார்.

முதலில் அவர் அறைக்குப் போனோம். பலகை அப்படியே இருந்தது. நாலு மூலையிலும் ஆணி. சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்பி எடுத்தார். குப்புறப் படுத்து டார்ச் அடித்தார். தண்டவாளம் தெரிந்தது. என் அறை வெளிச்சம் தெரிந்தது. நடுவில்... ரயில் இல்லை.

“எங்கடா போச்சு?” என்றார்.

டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்தார். வெளிச்சம் சுவரில் முட்டவில்லை. நடுவில் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது.

“தம்பி, இது ஒரே சுவர் இல்ல” என்றார். “ரெண்டு சுவர். நடுவுல வெத்திடம்.”

வீட்டுக்காரம்மாவிடம் போய்ச் சொன்னோம். பேயைப் பற்றிச் சொல்லவில்லை, சுவர் கெட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் சொன்னோம். அந்தம்மா அலட்சியமாகச் சொன்னார். “எங்க மாமனாரும் அவரு தம்பியும் பேச்சு வார்த்தை இல்லாம வீட்டப் பிரிச்சாங்க. உன் சுவர் எனக்கு வேணாம், என் சுவர் உனக்கு வேணாம்னு ஆளுக்கு ஒண்ணு எழுப்பிக்கிட்டாங்க. நடுவுல ஒண்ணரைச் சாண் இருக்கும். மேல தளம் போட்டாச்சு, ரெண்டு பக்கமும் அடைச்சாச்சு. பூனைகூடப் போக முடியாது.”

மறுநாள் காலை கொத்தனார் வந்தார். அண்ணன் அறைப் பக்கத்தில் ஓட்டையை அகலமாக்கினார். தலையும் ஒரு தோளும் நுழைகிற அளவு. டார்ச்சோடு உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னங்க?” என்றேன்.

தலையை வெளியே எடுத்தார். “வீட்ல பிள்ளைங்க இருக்கா?”

“இல்ல.”

“அப்போ இது யாரு விளையாடுனது?”

நாங்கள் ஒருவர் பின் ஒருவராக எட்டிப் பார்த்தோம்.

அது ஒரு ஸ்டேஷன்.

வெள்ளைப் பலகையில் நடைமேடை. சாம்பல் தூண்கள். தூணின் மேல் கூரை, சரிவு பிசகாமல். சீட்டுக் கொடுக்கிற ஜன்னல். விளக்குக் கம்பம். ஆறு வருஷமாகக் கட்டை கோக்கிறேன், எனக்கு அந்த வேலை வராது. எங்கள் தண்டவாளத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓட்டை வழியாகப் பார்த்தால் தெரியாத இடத்தில் கட்டியிருந்தது. என் ரயில் அதை ஒட்டி நின்றிருந்தது. தண்டவாளம் இல்லாத வெறும் தரையில். தரையில் விரற்கடை கனத்துக்குத் தூசி. தூசியில் ரயில் வந்த தடம்கூட இல்லை.

நடைமேடையில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் மூன்று பேர். என் தொப்பிக்காரக் கூலி. என் டிரைவர். நடுவில் பழுப்புப் பெட்டியோடு அண்ணி.

மூன்று பேரும் ரயிலைப் பார்த்து உட்காரவில்லை. ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் அறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

கொத்தனார் கையை நீட்டினார். “எடுத்துத் தரட்டுங்களா?”

“தொடாதீங்க” என்றார் அண்ணன். கொத்தனாரைப் பின்னால் இழுத்தார். “அடைச்சுடுங்க. ரெண்டு பக்கமும்.”

என் பக்கம் திரும்பினார். “தம்பி, உன்னைப் போய்...” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அது போதும் எனக்கு.

ஆனால் அவரால் அந்த அறையில் இருக்க முடியவில்லை. அந்த வாரமே தூரத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது தன் கட்டையெல்லாம் என்னிடம் கொடுக்க வந்தார். வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து கொண்டுபோய்ப் பழைய சாமான் கடையில் வைத்தோம். அங்கிருந்தே அவரை வண்டி ஏற்றிவிட்டேன்.

அவர் போன மறுநாள் நானும் காலி பண்ணினேன். கொட்டகையிலேயே ஒரு மூலையில் படுத்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரியிடம் கேட்டிருந்தேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது கொத்தனார் வந்தார், என் பக்கத்து ஓட்டையை அடைக்க. சிமெண்டு குழைத்தார். பூசினார். வேலை முடிந்தும் போகாமல் நின்றார்.

“அன்னிக்கு அந்தப் பெரியவர் பயந்துபோயிருந்தாரு. அதான் சொல்லல” என்றார்.

“என்ன?”

“உங்க சுவத்தோட உள்பக்கம்... ஓட்டைலேருந்து ரெண்டு முழம் தள்ளி, சுண்ணாம்பு தேய்ஞ்சு வழவழன்னு இருந்துச்சுங்க. ஒரே ஒரு இடத்துல. கீழாக்க. உக்காந்தா தலை வர்ற உயரம்.”

நான் ஓட்டை இருந்த இடத்திலிருந்து இரண்டு முழம் அளந்தேன். கை என் மூலையில் போய் நின்றது. தினமும் நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கட்டை கோக்கிற மூலை. அங்கே வட்டமாக ஒரு கறை. என் பின்தலை பட்டுப் பட்டு வந்த எண்ணெய்க் கறை.

கட்டை கோக்கும்போது நான் பேசுவேன். கேட்க ஆள் இல்லை என்றால் மனுஷன் தனக்குத்தானே பேசுவான் இல்லையா? அக்காவிடம் சொல்லாதது, அண்ணனிடம்கூடச் சொல்லாதது, எல்லாம் அங்கே உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். ஆறு வருஷம்.

“இதே மாதிரியா இருந்துச்சு?” என்று கறையைக் காட்டினேன். “வட்டமா?”

கொத்தனார் குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

“இல்லீங்க. இது தலை சாய்ச்ச இடம். அது வேற மாதிரி.” அவர் தன் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கன்னத்தைச் சுவரோடு ஒட்டிக் காட்டினார். “சின்னதா... மடிப்பு மடிப்பா, நல்லாவே பதிஞ்சிருந்துச்சு.”

“என்னது?”

“காதுங்க.”